நிழலுக்குச் சத்தியக் கடதாசி

நான் பள்ளிக்கூடம் போனது ரெண்டாம் வகுப்பு மட்டுந்தான். ரெண்டாம் வகுப்ப ரெண்டு தரம் படிச்சன். ரெண்டும் ரெண்டும் நாலு, ஆனபடியா மாப்பிள நாலாம் வகுப்பு பாஸ் எண்டுதான் கலியாணம் பேசக்க சொன்னது. மாமி நம்பிட்டா. அவ பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவ.

இப்பிடிப்பட்ட நான் ஒரு காலம் ஒரு பெரிய சட்டக் கட்டுரைக்குள்ள பூந்து, கொழும்பில படிச்ச மனிசர் ரெண்டு பேரை ஏமாத்தி, இஞ்ச ஒரு நல்ல மனிசன்ர பேரையும் கெடுக்கப் பாத்தன். இப்ப சொல்லக்க சிரிப்பு வருது. அண்டைக்குச் சிரிப்பு வரல்ல. வயித்தாலதான் போச்சு.

அறுவதுகளில நடந்த கதை. களுவாஞ்சிக்குடியில றோட்டோரமா ஒரு பிறக்கிராசி ஐயாட கந்தோரில நான் வேலை. பிறக்கிராசி எண்டா கோட்டில வழக்குப் பேசுறவர், காணி விக்க வாங்க உறுதிக் கடதாசியும் எழுதுறவர். இப்ப அந்தப் பேரே இல்லாமப் போச்சு. காலையில கந்தோரத் திறந்து கூட்டுறது, தேத்தண்ணி வெக்கிறது, உறுதிக் கட்ட ஊசி நூலால தைக்கிறது, கையெழுத்துத் தெரியாத ஆக்களிட பெருவிரலப் பிடிச்சு மையில அமத்தி கடதாசியில உருட்டுறது. இதுதான் என்ர உத்தியோகம். வீட்டில கேட்டா, "கந்தோர்ல சட்ட வேலை" எண்டு சொல்லுவன்.

ஐயா மெதடிஸ்ட் வேதக்காரர். நல்ல உயரம். சிரிக்கமாட்டார். அவர் கண்ணாடியக் கழட்டி மேசையில வெச்சா, எதிரில இருக்கிறவன் தான் செய்யாத களவையும் ஒத்துக்கொள்ளுவான். நான் ரெண்டு வருசமா அவரச் சிரிக்கப் பண்ணப் பாத்து, கடைசியில விட்டுட்டன்.

அவருக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. கொழும்பில பெரிய பெரிய சட்டப் படிப்புக்காரர் சேந்து நடத்துற சஞ்சிகை ஒண்டு வரும். பச்சை மட்டை, தலையணைக்கு வெக்கிறளவு மொத்தம். அதில தன்ர கட்டுரை ஒண்டு வரணும். முந்தி ரெண்டு தரம் எழுதி அனுப்பினார், ரெண்டும் திரும்பி வந்தது. ரெண்டு நாளும் அவர் மத்தியானச் சாப்பாடு தொடல்ல. அந்தச் சாப்பாட்ட நான்தான் சாப்பிட்டன், அது வேற கதை.

மூண்டாம் தரம் அவர் எடுத்தது எங்கட பக்கத்துத் தாய்வழி வழக்கத்த. எங்கட ஊர்களில ஆம்பிள கலியாணம் முடிச்சா பொம்பிள வீட்டுக்குத்தான் போறது. வீடு, வளவு, கிணறு எல்லாம் மகளுக்கு. மகன் உடுத்த சாரனோட வெளிக்கிட வேண்டியதுதான். இதுக்குப் பழைய சட்டம் ஒண்டு இருந்து அழிஞ்சு போச்சாம், ஆனா வழக்கம் அழியல்ல எண்டு ஐயா எழுதுறார். எழுதிக்கொண்டு போகக்க ஒரு இடத்தில நிண்டுபோனார். என்னக் கூப்பிட்டார்.

"நீ தேற்றாத்தீவில மாமி வீட்டிலதானே இரிக்கிறாய்?"

"ஓம் ஐயா. அவவும் என்னோடதான் இரிக்கிறா எண்டு நான் சொல்லுறது, நான் அவவோட இரிக்கிறன் எண்டு அவ சொல்லுறது."

"மருமகன் மாமிட வளவுக்குள்ள தென்னை வெச்சா, அந்த மரம் ஆருக்கு?"

இந்தக் கேள்விய அவர் வேற நாள் கேட்டிருந்தா ஒண்டும் நடந்திருக்காது. அண்டைக்குக் காலையிலதான் எனக்கும் மாமிக்கும் சண்டை. கலியாணம் முடிச்ச வருசம் நான் வெச்ச தென்னை நல்லா வளந்து, அவ மிளகாய் காயப் போடுற இடத்த மறைக்குது எண்டு ஏசினா. அந்தச் சூட்டில நான் வாயத் திறந்தன்.

"மரம் மருமகனுக்கு ஐயா. காயும் மருமகனுக்கு. நிழல் மட்டும் மாமிக்கு."

பேனை நிண்டுது. "நிழலா?"

"ஓம் ஐயா. நிழல் விழுற இடத்தில மருமகன் பாய் போட்டுப் படுக்கிறதெண்டாலும் மாமியிட்டக் கேட்டுத்தான் படுக்கணும்."

சிரிப்பார் எண்டு பாத்தன். அவர் கண்ணாடியத் துடைச்சுப் போட்டு, "இது எவ்வளவு காலமா இரிக்கிற வழக்கம்?" எண்டார்.

அந்த இடத்தில நான், "பகிடிக்குச் சொன்னன் ஐயா" எண்டிருக்கணும். சொல்லல்ல. நான் சொல்லுறத ஒரு படிச்ச மனிசன் எழுதியெடுக்கிறத அண்டைக்குத்தான் முதல் முதல் பாக்கிறன். "தலைமுறை தலைமுறையா ஐயா" எண்டன்.

"பின்னேரம் நிழல் பக்கத்து வளவுக்குள்ள விழுந்தா?"

"அப்ப அது அந்த வீட்டு மாமிக்கு."

அதையும் எழுதினார்.

மறுகா ஒரு மாசம் கந்தோர் முழுக்கக் கட்டுரைதான். எங்கட கிளாக்கர், அவர் ஐயாக்கு மிசினில அடிச்சுக் குடுக்கிறவர், ஒரு பக்கம் மட்டும் அடிக்கணும், வரிக்கு வரி இடம் விடணும், ஓரத்தில ரெண்டு விரல் வெறுமையா விடணும், மூண்டு பிரதி வெக்கணும் எண்டு சஞ்சிகைக்காரர் போட்ட கட்டளையச் சுவரில ஒட்டி வெச்சிட்டு அடிச்சார். ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில பொடி எழுத்தில குறிப்பு வேற. ஒரு நாள் அவர் மிசின நிப்பாட்டிப் போட்டு என்னப் பாத்துச் சிரிக்கிறார்.

"அடேய், நீ ஏழாம் பக்கத்தில இரிக்கிறாய்."

"நானா?"

"உன்ர நிழல். முழுசா ரெண்டு பக்கம். அடிக்குறிப்பில, 'அவ்வூரவர் ஒருவர் நேரில் கூறியது' எண்டு கிடக்கு. அந்த ஒருவர் நீதான் மனே."

"கிளாக்கர், அது நான் சும்மா சொன்னது" எண்டன்.

அவர் சிரிப்ப நிப்பாட்டினார். வாசல எட்டிப் பாத்தார். "எனக்கு இது தெரியாது. நீ சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல" எண்டு போட்டுத் திரும்ப அடிக்கத் துவங்கினார். அவருக்கும் பிள்ளைகுட்டி இரிக்கு.

நான் ஒரு கணக்குப் போட்டன். ரெண்டு தரம் திரும்பி வந்தது, மூண்டாம் தரமும் திரும்பி வரும். வந்தா என்ர பொய்யும் அலுமாரிக்குள்ள கிடந்து செத்துப்போகும். என்னத்துக்கு இப்ப வாயத் திறப்பான்? அந்த நினைப்போட நானே கட்டுரையச் சீலைத் துண்டில சுத்தித் தைச்சு, அரக்கு வெச்சு, தபால் கந்தோருக்குக் கொண்டுபோய் ரெஜிஸ்டர் பண்ணினன். ஒரு மனிசன்ர மூண்டு வருச வேலை, கையில பிடிச்சிரிக்கிறன், அது திரும்பி வரணும் எண்டு பிள்ளையாரக் கும்பிட்டுக்கொண்டு போறன். எப்பிடிப்பட்ட பாவி பாருங்க.

பிள்ளையார் கேக்கல்ல.

வைகாசி மாசம் கடிதம் வந்தது. ஐயா ஒருக்கா வாசிச்சார். எழும்பி நிண்டு ஒருக்கா வாசிச்சார். மறுகா என்னப் பாத்துச் சிரிச்சார். ஆறு வருசத்தில நான் கண்ட முதல் சிரிப்பு. எனக்கு மயிர் குத்திட்டு நிண்டுது.

"வா, வா. இரு" எண்டார். கதிரையக் காட்டுறார். அவருக்கு முன்னால நான் கதிரையில இருந்ததே இல்ல. "கட்டுரைய ரெண்டு பேர் படிச்சிரிக்கினம். மற்றதெல்லாம் முந்தி எழுதப்பட்ட விசயந்தானாம். ஆனா நிழல் உரிமை பத்தின பகுதி புதுசாம். இதுவரை ஒருத்தரும் பதியாததாம். அதுக்காகவே போடலாம் எண்டு எழுதியிரிக்கினம்."

"நல்லது ஐயா" எண்டன்.

"ஒரு சின்ன வேலை. சொன்ன ஆளிட்ட இருந்து ஒரு சத்தியக் கடதாசி கேக்கினம். இன்ன ஊர், இன்ன ஆள், இது உண்மை எண்டு. சமாதான நீதவானுக்கு முன்னால. மாச முடிவுக்குள்ள போய்ச் சேரணும், இல்லாட்டி இந்த முறை சஞ்சிகையில வராது."

சத்தியக் கடதாசி எண்டா என்னெண்டு என்னவிட ஆருக்குத் தெரியும்? நூறு பேரிட விரல உருட்டினவன் நான். பொய்ச் சத்தியக் கடதாசி குடுத்து மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணின ஒருத்தன்ர விரலையும் நான்தான் உருட்டினன். அவன்ர விரல் எப்பிடி வேர்த்திருந்தது எண்டு எனக்கு இன்னும் நினைவிரிக்கு.

அதோட அது வைகாசி. எங்கட பக்கத்தில கண்ணகி அம்மன் கோயில் வருசத்தில ஒருக்காத்தான் கதவு திறக்கிறது. வைகாசிச் சடங்குக்கு. அந்தக் கிழமையில ஊரில கள்ளுக் குடிக்கிறவனும் குடிக்கமாட்டான், மீன் தின்னமாட்டம், பொய் சொல்லப் பயம். பகிடி பண்ணவும் பயம். அண்டைக்குப் பின்னேரம் சைக்கிளில வாறன். கோயில் பக்கம் வந்ததும் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போனன். உள்ளுக்கு விளக்கு எரியிறது தெரியுது. நான் அந்தப் பக்கம் பாக்கல்ல, வாவிப் பக்கம் பாத்துக்கொண்டு போய், எதிரில வந்த மாட்டு வண்டியில முட்டிட்டன். வண்டிக்காரன், "கண்ணென்ன பிடரியிலயா கிடக்கு?" எண்டான். வேற நாளெண்டா அவனுக்கு ஒரு பதில் வெச்சிருப்பன். அண்டைக்கு, "ஓம் அண்ணே" எண்டு போட்டு வந்திட்டன்.

வீட்டில சோத்துக்கு முன்னால இருந்தன். வேலை போனா எனக்கு என்ன மிச்சம் எண்டு யோசிச்சன். வீடு மாமிட. வளவு மாமிட. பொஞ்சாதியும் ஒருகணக்கில மாமிடதான். எனக்கெண்டு அந்தப் பூமியில இரிக்கிறது ஒரு தென்னை மரம், அதுக்கும் நான் பொய் உறுதி எழுதி வெச்சிரிக்கிறன்.

அடுத்த நாள் காலையில, இனி ஏலாது எண்டு, ஐயாட மேசைக்கு முன்னால போய் நிண்டன்.

"ஐயா, அந்த நிழல் கதை பொய். நான் பகிடிக்குச் சொன்னது."

அவர் கண்ணாடியக் கழட்டி மேசையில வெச்சார். நான் கண்ண மூடினன். அடி விழும், இல்லாட்டி வெளிய போ எண்டுவார்.

"ஆர் உன்னை வெருட்டினது?" எண்டார்.

"ஐயா?"

"உன்ர மாமியா? ஊர்ப் பெரியாக்களா? தங்கட வழக்கம் வெளிய போகப்படாது எண்டு சொன்னாங்களா?"

"ஒருத்தரும் வெருட்டல்ல ஐயா. நானே சொன்ன பொய்."

"முப்பது வருசமா கோட்டில நிக்கிறன். கடதாசியில கை வைக்கிற நேரம் வந்தா சாட்சிக்காரன் எல்லாரும் இதத்தான் சொல்லுறது. 'நான் காணல்ல ஐயா, நான் கேக்கல்ல ஐயா.' பயம். எனக்கு விளங்குது." எழும்பி வந்து என்ர தோளில கை வெச்சார். "நீ வேண்டாம். பயந்த சாட்சி எனக்கு வேண்டாம். நான் உன்ர மாமியிட்டயே கேக்கிறன். நீ ஒரு சொல்லும் அவவுக்குச் சொல்லிக் குடுக்கப்படாது."

வாழ்க்கையில ஒரே ஒரு நாள்தான் உண்மை சொன்னன், அதையும் நம்பல்ல. ஆரக் குறை சொல்லுறது?

அண்டைக்கே காரில தேற்றாத்தீவுக்கு வந்தார். நான் பின் சீற்றில. மாமி முற்றத்தில மிளகாய் கிளறிக்கொண்டு நிண்டா. காரக் கண்டதும் முந்தானைய இழுத்து மூடி, "என்னகா, இவன் என்ன செய்து போட்டான்?" எண்டு மகளைக் கேட்டா. என்னில அவவுக்கு அவ்வளவு நம்பிக்கை.

எனக்கு உள்ளுக்கு ஒரு நிம்மதி. மாமி எல்லாத்தையும் வெட்டிப் பேசுறவ. இப்ப, "எந்தப் பேயன் சொன்னது?" எண்டு கேப்பா. நான்தான் அந்தப் பேயன் எண்டு ஐயாக்கு விளங்கும். வேலை போகும், ஆனா சத்தியக் கடதாசி இல்ல.

ஐயா மரியாதையாக் கேட்டார். "அம்மா, மருமகன் வெச்ச தென்னையில, மரமும் காயும் மருமகனுக்கு, நிழல் மாமிக்கு எண்டு ஒரு வழக்கம் இரிக்காமே. தெரியுமா?"

மாமி தென்னையப் பாத்தா. என்னப் பாத்தா.

"ஓம் ஐயா. அப்பிடித்தானே" எண்டா.

நான் கார்க் கதவப் பிடிச்சன். ஐயா என்னத் திரும்பிப் பாத்த பார்வையில, 'கண்டியா?' எண்டிருந்தது.

ரெண்டு நாளால கந்தோருக்கு மாமியக் கூட்டிக்கொண்டு வந்தன். வழியெல்லாம், "மாமி, வேணாம். அது நான் கட்டினது" எண்டு கெஞ்சினன். "நீ வாயப் பொத்து. நான் கேட்டது எனக்குத் தெரியும்" எண்டா. அதில எனக்கு இன்னொரு பயம் பிடிச்சுது. இவ உண்மையாவே கேட்டிரிக்கிறாவோ? நான் கட்டினன் எண்டு நினைக்கிறது எங்கயோ சின்னதில காதில விழுந்ததோ? என்ர பொய்யிலயே எனக்குச் சந்தேகம் வந்திட்டு.

சமாதான நீதவான் பென்சன் எடுத்த தலைமை வாத்தியார். அவரக் கண்டதும் எனக்கு உள்ளங்கை கூசிச்சு. ஐயா, கிளாக்கர், வாத்தியார், மாமி. நான் மைப்பெட்டியோட. கிளாக்கர் தலை நிமித்தல்ல.

எழுத்துத் தெரியாத ஆள் எண்டா, கை வெக்க முந்தி முழுதும் வாசிச்சு விளங்கப்படுத்தணும். அதுதான் முறை. வாத்தியார் கடதாசியத் தூரப் பிடிச்சு வாசிச்சார்.

"இதில் கைநாட்டு வைக்கும் நான், சத்தியமாகக் கூறுவதாவது: மருமகன் நட்ட தென்னையின் மரமும் காயும் அவனுக்கும், அதன் நிழல் மாமியாருக்கும் உரியதென்பதை, காலஞ்சென்ற என் தாயார் தம் வாயால் கூற நான் கேட்டறிந்தேன்."

நான் மாமிட பெருவிரலப் பிடிச்சிரிக்கிறன். மை பூசியாச்சு.

"ஆர் கூறினது?" எண்டா மாமி.

"உங்கட தாயார்" எண்டார் வாத்தியார்.

"என்ர தாயா?"

"முந்தின தலைமுறை சொன்னதெண்டு வந்தாத்தான் வழக்கம் எண்டு எடுப்பாங்க, அம்மா" எண்டார் ஐயா.

மாமி விரல இழுத்தா. நான் விடல்ல, பயத்தில இறுக்கிப் பிடிச்சிரிக்கிறன். "விடுடா!" எண்டு உதறினா. மை என்ர சேட்டில.

"ஐயா, நான் பொய் சொல்லுவன். இவன் நித்தமும் சொல்லுவான். என்ர தாய் பொய் சொன்னவ இல்ல. அம்மனுக்குக் கதவு திறந்து கிடக்கிற கிழமையில அவட வாயில இத வெக்க மாட்டன்."

"அப்ப அண்டைக்கு ஓம் எண்டீங்களே அம்மா?"

"எனக்கு நிழல் வருது எண்டு ஒரு பெரிய மனிசன் கார் பிடிச்சு வந்து சொன்னா, நான் ஏன் வேணாம் எண்டுவன்?"

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்து, இருமல் எண்டு மாத்தினார். ஐயா சிரிக்கல்ல. கோவிக்கவும் இல்ல. என்னப் பாக்கிறார். அந்தப் பார்வையிலதான், நான் அண்டைக்குக் காலையில சொன்னத இப்ப நம்பிட்டார் எண்டு விளங்கிச்சு. நம்பினதும் எனக்குப் பயம் கூடினதே தவிரக் குறையல்ல. ஐயாட முகம் ஒருக்காலே பத்து வயசு கூடினமாதிரி ஆயிட்டு.

கடதாசிய வாத்தியாரிட கையிலயிருந்து வாங்கி நாலாக் கிழிச்சார். மாமிக்குத் தேத்தண்ணி குடுக்கச் சொன்னார். நான் குடுத்தன். பாதி கோப்பையில, பாதி பீரிசுத் தட்டில.

மறுகா ஒரு கிழமை நான் துறப்புச் சாவியக் கையில வெச்சுக்கொண்டு, இனி வேலைக்கு வேண்டாம் எண்டு இண்டைக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார் எண்டே கந்தோரத் திறந்தன். அவர் ஒண்டும் சொல்லல்ல. அது போதாதா? ஏசினா முடிஞ்சுபோகும். ஏசாட்டி நாள் முழுக்க ஏச்சுத்தான். சஞ்சிகைக்காரருக்கு அவர் என்ன எழுதினார் எண்டு கிளாக்கர்தான் சொன்னார். ஏழாம் எட்டாம் பக்கங்கள எடுத்துப் போடச் சொல்லி, ஒரே ஆளிட்டக் கேட்டு எழுதினது தன்ர பிழை எண்டு எழுதினாராம். என்னப் பத்தி ஒரு சொல்லும் இல்லையாம். எனக்கு அதக் கேக்க நிக்க ஏலாம, பின்பக்கம் போய் வாளியக் கழுவினன். கழுவின வாளியத்தான் திரும்பக் கழுவினன்.

கட்டுரை திரும்பி வந்தது. ரெண்டு பக்கம் குறைஞ்சாலும் கட்டு மொத்தந்தான். கூட ஒரு துண்டு: ஊரூராய்ப் போய் விசாரிச்சு எழுதினா அடுத்த வருசம் பாப்பம் எண்டு.

"நாளைக்குப் பெரியகல்லாறு போறம்" எண்டார் ஐயா. "ஒரு கேள்விக்கு மூண்டு பேர். மூண்டு பேரும் வேற வேற தாய்வழிக் குடியா இரிக்கணும். நீ குடையைப் பிடி. வாயத் திறக்கப்படாது."

பெரியகல்லாறில வாவிக்கரையில ஒரு மனிசன் கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்தான். என்ர வயசுதான். ஐயா தாழ்ந்த குரலில கேட்டார்: பொம்பிள வீட்டுத் தோணியில மருமகன் பிடிச்ச மீன் ஆருக்கு? அந்த மனிசன் தலைய நிமித்தி ஐயாட கண்ணாடியப் பாத்தான், பேனையப் பாத்தான், கொப்பியப் பாத்தான்.

"மீன் மருமகனுக்கு ஐயா" எண்டான். "ஆனா மீனிட தலை..."

அவன்ர கடைவாய் சிரிப்ப அடக்கிக் கொஞ்சம் இழுத்துது. அந்தக் கடைவாய எனக்குத் தெரியும், அது என்ர கடைவாய். ஐயாட பேனை கொப்பியில தொட்டாச்சு. வாயத் திறந்தா வேலை போகும். திறக்காட்டி ஐயாக்குக் கட்டுரை நாலாம் தரமும் திரும்பி வரும்.

நான் இருமினன். பொய் இருமல். குடையும் சேந்து ஆடினது.

ஐயா எழுதுறத நிப்பாட்டினார். என்னத் திரும்பிப் பாக்கல்ல. மறுகா பேனைய மூடினார்.

"சரி தம்பி, நீ வலையப் பொத்து" எண்டு அவனிட்டச் சொல்லிப்போட்டு நடக்கத் துவங்கினார். நான் குடையோட பின்னால. கொஞ்சத் தூரம் போய், "அடுத்த வீடு எது?" எண்டார்.